செலக்‌ஷன் இல்லாத ஓட்டம்

கந்தர்வக்கோட்டையில் விடியற்காலையில் ஓடுகிறவர்களிடம் ஏன் ஓடுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. இருபது வயதுப் பையன் ஓடினால் பட்டாளத்துக்கு அல்லது போலீசுக்கு. பெண் பிள்ளை ஓடினால் போலீசுக்கு. தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும் இந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் முந்திரி, கடலை, போர் தண்ணீர் என்று எதை நம்பினாலும், வீட்டில் ஒரு பிள்ளையாவது அரசு உத்தியோகத்துக்குப் போய்விட வேண்டும் என்ற ஆசை உண்டு. அதனால் இங்கே ஓட்டத்துக்குக் கணக்கு உண்டு. காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடியவருக்கு ஓட்டத்துக்கான 60 மதிப்பெண்ணும் முழுதாகக் கிடைக்கும். இதெல்லாம் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கும் மனப்பாடம். கிரவுண்டில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார்கள். "டைமிங் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள்.

அந்தக் கிரவுண்டுக்குள் 2022-ஆம் ஆண்டு நான் போனபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. எழுதுவதற்கு எந்தத் தேர்வும் இல்லை.

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. நகைக்கடன், பயிர்க்கடன், உர இருப்பு என்று நாள் முழுக்க நாற்காலிதான். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கிய 2021-க்குப் பிறகு எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் பையும் கருவியுமாக வரத் தொடங்கினார். மாமியாருக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்தவர், அப்படியே என் விரலிலும் ஒரு குத்துக் குத்திப் பார்த்தார். சர்க்கரை கொஞ்சம் கூடுதல். பிறகு எடுத்த மூன்று மாத சராசரிப் பரிசோதனையில் 6.1 வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய படி என்று மருத்துவர் விளக்கினார். இந்தியாவில் 15.3 சதவீதம் பேர் இந்தப் படியில் நிற்கிறார்கள் என்று ஐசிஎம்ஆர் ஆதரவில் நடந்து 2023-ல் வெளிவந்த பெரிய ஆய்வு சொல்கிறது. நோய் என்று இன்னும் பெயர் வைக்கப்படாத, ஆனால் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் நிலை. மாத்திரை இப்போது வேண்டாம், உடம்பை அசையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நடந்தேன். நடப்பது நல்லதுதான், இன்றும் நடக்கிறேன். ஆனால் நடையில் மனசு அலுவலகத்துக்கே போய்விடும். வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டே வீடு திரும்புவேன். எதிர்வீட்டுப் பெண் அப்போது போலீஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அந்த ஆண்டு அறிவிப்பு வந்ததிலிருந்து காலையில் கிரவுண்டு, பகலில் புத்தகம், சாயங்காலம் மறுபடி கிரவுண்டு. ஒருநாள் வாசலில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே கேட்டாள்:

"தனியா ரோட்டுல நடக்குறீங்களே அக்கா, அதுக்கு எங்ககூட கிரவுண்டுக்கு வரலாம்ல?"

அங்கே பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பயிற்சி கொடுக்கிறவர் ஒரு முன்னாள் ராணுவத்துக்காரர். பிள்ளைகளுக்கு அவர் 'சார்', எனக்கு 'அண்ணே'. என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு ரவுண்டு ஓடச் சொன்னார். பாதி ரவுண்டில் நின்றுவிட்டேன். நெஞ்சு அடித்துக்கொள்ள, இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றேன். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அதை நான் மறக்கவே மாட்டேன்.

"இளங்காளையை ஏர்ல பூட்டுன அன்னைக்கே முழு வயலையும் உழுதுருவோமாம்மா? நாலு சால் ஓட்டி அவுத்து விட்டுறணும். மறுநா அஞ்சு சால். ஒரு நிமிசம் ஓடு, மூச்சு அடங்குறவரைக்கும் நட, மறுபடி ஒரு நிமிசம் ஓடு. அதுக்கு மேல ஓடுனா நாளையிலருந்து வராத."

இதைத் தொலைபேசியில் சிங்கப்பூரில் இருக்கும் தம்பியிடம் சொன்னேன். இந்தப் பக்கத்து ஊர்களில் சிங்கப்பூரில் ஆள் இல்லாத தெரு குறைவு. அவனும் அங்கே பூங்காவில் ஓடுகிறவன். "அக்கா, உங்க மிலிட்டரிக்காரர் சொன்னதைத்தான் ஒருத்தர் அட்டவணையாவே போட்டிருக்கார்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தாளை அனுப்பினான். 1996-ல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர், ஐம்பது வயதைத் தாண்டிய தன் அம்மாவை ஓட வைப்பதற்காக எழுதிய திட்டம் அது. ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்றே நாள், முடிவில் 5 கிலோமீட்டர், அல்லது நிற்காமல் அரை மணி நேரம். முதல் வாரம் ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை என மாற்றி மாற்றி 20 நிமிடம். இரண்டாம் வாரம் ஒன்றரை நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அப்படியே படி ஏறும். பிரிட்டனின் அரசு மருத்துவத் துறையே இதை எடுத்து மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

ஒரு மகன் அம்மாவுக்காக எழுதியது என்பதாலேயே அந்தத் தாள் எனக்குப் பிடித்துப்போனது. அதில் அதட்டல் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் என்றால் மூன்று நாள்தான். நடுவில் உள்ள நாட்களில் ஓய்வு எடுப்பதும் பயிற்சியில் சேர்த்திதான். இதன் காரணம் பிறகு புரிந்தது. ஓடத் தொடங்கிய சில வாரங்களில் இதயமும் நுரையீரலும் பழகிவிடும்; மூச்சு வாங்குவது குறையும். ஆனால் தசைநாரும் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் பழகாது, அவற்றுக்கு மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். மூச்சு தாங்குகிறதே என்று ஓடுகிறவனுக்குத்தான் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வரும், குதிகால் பிடிக்கும். செலக்‌ஷனுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்று திடீரென வந்து தினமும் இரண்டு வேளை ஓடிய பையன்கள் நொண்டிக்கொண்டு போனதை அந்தக் கிரவுண்டிலேயே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வேறு வழியில்லை, தேதி நெருங்குகிறது. எனக்குத் தேதி இல்லை. அது எவ்வளவு பெரிய சலுகை என்று அந்தப் பையன்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கிரவுண்டுக்குள் ஓடுவது ஒன்று, ஊருக்குள் ஓடுவது வேறொன்று. சில நாள் கிரவுண்டில் கூட்டமாக இருக்கும். அப்போது கறம்பக்குடி சாலைப் பக்கம் போவேன். சுடிதாரும் துப்பட்டாவும் அணிந்த, ஊரே அறிந்த ஒரு நடுத்தர வயதுப் பெண் ஓடினால், எங்கோ சாவு விழுந்துவிட்டது அல்லது வீட்டில் சண்டை என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பால் ஊற்றிவிட்டு வந்த அப்பத்தா ஒருவர் வழியை மறித்தே கேட்டார்: "என்னாத்தா, யாருக்கு என்ன ஆச்சு? ஏன் இப்புடி அவதி அவதியா ஓடுற?" சர்க்கரைக்காக ஓடுகிறேன் என்றேன். "அதுக்கு ஏன் ஓடணும், என்கூட வா, களை வெட்டலாம்" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். மண்வெட்டி பிடித்தாலும் சரி, ஓடினாலும் சரி. எழுபது வயதிலும் அவருக்கு இருந்த உடம்பு எனக்கு இல்லாமல்போனது நாற்காலியால்தான். ஆனால் களை வெட்டுவதற்கு எனக்கு நிலமும் இல்லை, பகலில் நேரமும் இல்லை. காலை ஐந்தரை முதல் ஆறேகால் வரைதான் என்னுடையது.

புருஷன், பிள்ளை, மாமியார் மூவருக்கும் காலைச் சாப்பாடு ஆக வேண்டும். ராத்திரியே மாவு ஆட்டி, சட்னிக்குத் தேங்காய் துருவி வைத்துவிட்டுப் படுத்தால்தான் அந்த முக்கால் மணி நேரம் கிடைக்கும். ஓட்டம் பற்றி எழுதுகிறவர்கள் ஷூ பற்றி எழுதுவார்கள், மூச்சு பற்றி எழுதுவார்கள். பெண்கள் ஓடுவதற்கு முதலில் வேண்டியது முந்தின ராத்திரி முடிந்துபோன அடுப்பு வேலை என்று யாராவது எழுத வேண்டும். பிறகு என் வீட்டுக்காரர் காலைக் காபியைத் தானே போடக் கற்றுக்கொண்டார். அது பெரிய உதவி.

நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு ஆகாது. தஞ்சாவூர், புதுக்கோட்டை பஸ்களும் லாரிகளும் இருட்டிலேயே பறக்கும். கிளைச்சாலைகளில் நாய்கள். நாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும், முதுகைக் காட்டக் கூடாது என்பது பிள்ளைகள் சொல்லித்தந்த பாடம். மழைக்குப் பின் முந்திரித் தோப்போரம் போனால் டார்ச் கட்டாயம். சருகுக்குள் பாம்பு கிடக்கும். செம்மண் பாதை காலுக்கு இதம். தார்ச்சாலையின் அதிர்ச்சி அதில் இல்லை. நான் ஓடும் வழியில் ஒரு பக்கம் தைலமரக் காடு, மறுபக்கம் முந்திரி. அந்த முந்திரியில் பாதி, கஜா புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகள். 2018 நவம்பர் 16 விடியலில் கரையேறிய அந்தப் புயல், இந்த மாவட்டத்தில் தென்னையையும் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. முப்பது, நாற்பது ஆண்டு மரங்கள் கிடந்த இடத்தில் மறுபடி நட்டவர்களின் நிலம் அது. என் இடுப்புயரம் இருந்த கன்றுகள் தலையைத் தாண்டி வளர்ந்ததை ஓடும்போது பார்த்திருக்கிறேன்.

தம்பி அனுப்பிய அட்டவணையில் ஐந்தாம் வாரம் ஒரு இடி. முதல் நாள் ஐந்தைந்து நிமிடமாக மூன்று தடவை, நடுவில் நடை. இரண்டாம் நாள் எட்டு நிமிடமாக இரண்டு தடவை. மூன்றாம் நாள் நடையே கிடையாது. ஒரே மூச்சில் 20 நிமிடம். அதைப் படித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டேன். என்னால் ஆகாது என்றுதான் தோன்றியது. எதிர்வீட்டுப் பெண்தான் அண்ணனிடம் போய்ச் சொன்னாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று:

"ஓடுறப்ப பேச முடியுதா?"

"முடியலண்ணே."

"அப்ப வேகமா ஓடுற. பேசிக்கிட்டே ஓடு. பேச்சு நின்னா வேகத்தைக் குறை."

பக்கத்தில் நடந்துபோகிற ஆள் முந்திப் போய்விடுவார் என்ற அளவுக்கு வேகத்தைக் குறைத்தேன். எதிர்வீட்டுப் பெண் அன்று தன் பயிற்சியை விட்டுவிட்டு என்னோடு வந்தாள். அவள் எழுதப்போகும் தேர்வுக்குப் படித்ததை எனக்கு ஒப்பித்துக்கொண்டே வந்தாள். ஐந்தாண்டுத் திட்டங்கள், அடிப்படை உரிமைகள், திருக்குறள் அதிகாரங்கள். நான் கேள்வி கேட்க, அவள் பதில் சொல்ல, நேரம் ஓடிவிட்டது. இருபது நிமிடம் முடிந்தது என்று அவள் கைபேசியைக் காட்டியபோது எனக்கு அழுகை வந்தது. சின்ன வயதில் பள்ளி விளையாட்டு விழாவில்கூட நான் ஓடியது கிடையாது. பெரிய பெண்ணானதும் ஓடாதே என்றார்கள், கல்யாணம் ஆனதும் ஓடாதே என்றார்கள், ஓடக்கூடிய உடம்பு எனக்கு இருந்தது என்பதே எனக்குத் தெரியாமல் இத்தனை ஆண்டு போய்விட்டது.

ஓடத் தொடங்குகிறவர்களில் பலர் இரண்டு மூன்று வாரத்தில் விட்டுவிடுவதற்குச் சோம்பேறித்தனம் காரணம் என்று நான் நம்பவில்லை. வேகம்தான் காரணம். நமக்குத் தெரிந்த ஓட்டமெல்லாம் போட்டி ஓட்டம், செலக்‌ஷன் ஓட்டம், பஸ் பிடிக்கிற ஓட்டம். மெதுவாக ஓடலாம் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. தீபாவளி, அலுவலகத்தில் பயிர்க்கடன் கூட்டம், சொந்தத்தில் ஒரு கல்யாணம். வாரக்கணக்கில் ஷூ அலமாரியிலேயே கிடந்தது. ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்று மனசு சொல்லும். அந்தக் குரலை நம்பினால் அத்தோடு முடிந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமலே செய்கிற அளவுக்கு ஊறுவதற்குச் சராசரியாக 66 நாள் பிடித்ததாம். சிலருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது. சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கு வந்தது. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. இதை அப்போதே யாராவது சொல்லியிருந்தால் அந்த மழைக்காலத்தில் அவ்வளவு மனம் வெதும்பியிருக்க மாட்டேன். மழை விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் இரண்டு வாரம் பின்னால் போய் அந்தப் படியிலிருந்து ஏறினேன். கோடையில் அக்னி நட்சத்திரம் வந்தால் இதே போலத்தான். ஆறு மணிக்கே வெயில் முதுகில் ஏறும். அந்த வாரங்களில் நேரத்தைக் குறைத்துக்கொள்வேன், தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் கூட்டிக்கொள்வேன். ஊரின் தட்பவெப்பத்தோடு ஒத்துப்போகாத அட்டவணை ஊரில் நிலைக்காது.

நவம்பரில் எழுத்துத் தேர்வு, பிப்ரவரியில் பிசிக்கல். எதிர்வீட்டுப் பெண் இரண்டையும் தாண்டினாள். 400 மீட்டரை நேரம் மிச்சம் வைத்தே முடித்தாள். ஆனால் இறுதிப் பட்டியலில் மதிப்பெண் போதவில்லை. சில வாரத்தில் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்பிவிட்டாள். போகும் முன் ஷூவை என்னிடம் கொடுத்தாள். "இனிமே எதுக்குக்கா ஓடணும்?" என்றாள். அந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை, அளவு சரியாக இருந்தும் அந்த ஷூவைப் போடவும் இல்லை.

கிரவுண்டும் காலியானது. வேலை கிடைத்தவர்கள் பயிற்சிப் பள்ளிக்குப் போனார்கள், கிடைக்காதவர்கள் வரவில்லை. அடுத்த அறிவிப்பு வரும்வரை அந்த மைதானத்தில் ஆடு மேயும். இவ்வளவு உழைத்து உருவாக்கிய மூச்சும் காலும் ஒரு பட்டியலில் பெயர் வராததால் வீணாகப் போவது எனக்குத் தாங்கவில்லை. ஓட்டத்தில் பெரிய பேர் வாங்கிய மாவட்டம் இது. கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளிக்கு மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தை அவரிடமிருந்து பறித்தார்கள். அதற்குப் பிறகும் அவர் மைதானத்தை விடவில்லை. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கத் திரும்பினார். இதே மாவட்டத்தின் லட்சுமணன் 2017-ல் புவனேஸ்வர் ஆசிய தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரை மூன்றாவதாக முடித்தும், ஓடுபாதைக் கோட்டுக்கு உள்ளே கால் வைத்ததாக வெண்கலம் போனது. அவர்களுக்கு நடந்ததோடு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நடப்பதை நான் ஒப்பிடவில்லை. ஆனால் பதக்கத்தையோ உத்தியோகத்தையோ அடுத்தவர் தரலாம், எடுக்கலாம். அவர்களின் மூச்சு அவர்களுடையது. அதை அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல ஆள் வேண்டும் என்று தோன்றியது.

பொங்கலுக்கு அவள் ஊருக்கு வந்தாள். மறுநாள் காலை ஷூவை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். முகம் சுளித்தாலும் வந்தாள். பழக்கதோஷத்தில் கைபேசியில் ஸ்டாப்வாட்சைத் திறந்தாள். அதை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். முந்திரித் தோப்பு வழியாக, திருப்பூர் விடுதியைப் பற்றி, ஓவர்டைம் பற்றி, அவள் அம்மாவின் முட்டிவலி பற்றிப் பேசிக்கொண்டே போனோம். நேரம் பார்க்காமல் ஓடுவது அதுதான் முதல் தடவை என்றாள். இப்போது திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதித் தோழிகள் இருவரோடு ஓடுகிறாள். தேர்வையும் விடவில்லை, வயது வரம்பு முடியும்வரை எழுதுவாள்.

என் சர்க்கரை அளவு ஆறுக்குக் கீழே இறங்கி நிற்கிறது. ஓட்டத்தால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். ராத்திரிச் சோற்றையும் குறைத்தேன், தூக்கமும் சீரானது.

இப்போது எங்கள் தெருவிலிருந்து சில பெண்கள் வருகிறார்கள். ஒருவர் சத்துணவு அமைப்பாளர், ஒருவர் தையல் கடை வைத்திருக்கிறார், இன்னொருவர் மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு அவன் ஓடிய மைதானம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்து தங்கிவிட்டவர். சேலையோடு ஓடலாமா என்று கேட்டார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடவு நட்டவர்கள் நாம், ஒரு நிமிடம் ஓட முடியாதா என்றேன். மூன்றாம் வாரம் வந்தபோது அவர்களே சுடிதாருக்கு மாறிவிட்டார்கள். திங்கள், புதன், வெள்ளி ஐந்தரைக்கு வாட்டர் டேங்க் அருகே கூடுவோம். யாராவது வரவில்லை என்றால் ஒருவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவது எங்கள் ஏற்பாடு. உடம்பு சரியில்லை என்றால் விட்டுவிடுவோம், தூக்கம் என்றால் விடமாட்டோம். கைபேசியில் நிமிடம் பார்த்து 'ஓடு', 'நட' என்று சத்தம் கொடுப்பது என் வேலை. தையல் கடைக்காரர் ஐந்தாம் வாரத்துக்கு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவருக்கு இருபது நிமிடம். பேச்சுத் துணைக்கு நானும் அவரோடு ஓடுகிறேன். என்ன பேசுவது என்று முடிவாகிவிட்டது, அவர் மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எங்கே எடுப்பது, தஞ்சாவூரிலா புதுக்கோட்டையிலா.